சோறும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இப்போது பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நீ பிறக்க இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. பிறக்காமலே போனாலும் போகலாம். ஆனாலும் நீ வளர்ந்து, இன்றைய என்னைவிடப் பெரிய ஆளாகி, எங்கோ உட்கார்ந்து இதைப் படிப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பெற்றவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் கல்யாணத்துக்கு முன்னாலோ வெளியூருக்கு அனுப்பும்போதோ எழுதுவார்கள். நான் இவ்வளவு முன்கூட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் அப்பாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. உன்னிடம் சொன்னால் அது சத்தியத்தை மீறியதாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது சரிதானா என்று கேட்கவும் எனக்கு ஆள் இல்லை. அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு, அம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. விடிவதற்கு முன்னால் அப்பா எழுந்து லாரி எடுக்கப் போய்விடுவார்.

அப்பா, அதாவது உன் தாத்தா, டிப்பர் லாரி ஓட்டுகிறார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி. எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். ரோட்டோரத்து வேப்பமரங்கள் மழை பெய்த மறுநாள் மட்டும்தான் பச்சையாக இருக்கும், மற்ற நாளெல்லாம் மாவு கொட்டியது போல நிற்கும். இந்தப் பக்கம் குழந்தைக்கு நடை பழக்கும்போதே டிப்பர் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நிற்கவும் பழக்குவார்கள். வளைவுக்கு வளைவு யாராவது ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கும். வெயிலில் அந்த முகம் வெளுத்துப்போகும் நேரத்தில் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்துவிடும். இப்படிப்பட்ட ரோட்டில் அப்பா பெயர் கெடாமல் ஓட்டியவர். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளைத் தூரத்தில் பார்த்தாலே கியரைக் குறைத்துவிடுவார். லாரி ஓனர் ஒருமுறை என்னிடமே சொன்னார், "உங்கப்பன் மாட்டு வண்டி ஓட்டப் போயிருக்கணும் பாப்பா. தப்பித்தவறி டிப்பர்ல ஏறிட்டான்." அப்பா சிரித்துக்கொண்டே, "மாடு சொன்னா கேக்கும் முதலாளி, உங்க வண்டி கேக்கமாட்டேங்குது" என்றார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

எல்லாம் என் பெரியப்பாவிடமிருந்து ஆரம்பித்தது. பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். சர்க்கரை வியாதி எங்கள் குடும்பத்தில் சொத்து மாதிரி, ஒருவர் விட்டால் இன்னொருவருக்கு வரும். உனக்கும் வரலாம், அதனால்தான் இந்தக் கதை உனக்கு வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போனபோது பெரியப்பாவின் கால் விரலில் முள் குத்தியது. அவருக்குக் குத்தியதே தெரியவில்லை. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். அவர் அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "இனிமே செருப்பு வாங்குனா ஒத்தச் செருப்புக்கு ஒருத்தனைக் கூட்டு சேக்கணும்" என்பார். சோறு சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சோற்றை விட்டார். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பார். அந்தக் கடை எண்ணெய் தார் மாதிரி இருக்கும், அடியில் கருகிய மாவு மிதக்கும். அப்பா கண்டித்தால், "சோறுதானே கூடாதுன்னான்? பஜ்ஜியில எங்கடா சோறு இருக்கு?" என்று கேட்பார். அந்தப் பெஞ்சில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கையில் பாதிப் பஜ்ஜி இருந்ததாம். சாவு வீட்டில் பந்தலுக்கடியில் யாரோ ஒருவர், "சோத்தால காலு போச்சு, எண்ணெயால உசுரு போச்சு" என்றார். நான் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய் நின்றிருந்தேன். அப்பா தலையை நிமிர்த்தி அந்த ஆளைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேறு யார் சொன்ன எதுவும் அன்று அவர் காதில் ஏறவில்லை, இது ஏறியது.

திருமழபாடிக்குப் போய்க் கொள்ளிடத்தில் அஸ்தி கரைத்தோம். தண்ணீர் குறைவாக இருந்தது, மணலில் வெகுதூரம் நடந்துபோய்த்தான் முழங்காலளவு கிடைத்தது. காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பண்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவார்களாம், பிறகு சாகும்வரை தொடமாட்டார்களாம். காசிக்குப் போக எங்களிடம் ஏது வசதி. அப்பா கொள்ளிடத்திலேயே விட்டார். மொட்டைத் தலையோடு மூன்று முறை முங்கி எழுந்து, "இனிமே சோறு தொடமாட்டேன். எண்ணெயும் தொடமாட்டேன்" என்று சத்தமாகச் சொன்னார். கரையிலிருந்த அம்மா, "என்னங்க, எதாச்சும் ஒண்ண விடுங்க, ரெண்டையும் விட்டா என்னத்தத் திம்பீங்க?" என்று கேட்டாள். "நீ சும்மா இரு. எனக்கு ரெண்டு காலும் வேணும், நெஞ்சும் வேணும்" என்றார். அப்போது எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஏனென்றால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அப்பாவுக்கும் சர்க்கரை என்று தெரிந்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு தின்ற ஆளுக்கு எழுதிய மாத்திரை அது. இதைக் கவனமாகப் படி. எங்கள் வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

அப்பா போனில் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தார். அரிசி, கோதுமை, கிழங்கு எதுவுமே வேண்டாம், மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்று ஒருவர் சொல்வார். அதுவரைக்கும் அப்பா தலையாட்டிக் கேட்பார். அடுத்து அந்த ஆள், அதற்குப் பதிலாக நெய், முட்டை, தேங்காய், கடலை என்று நல்ல கொழுப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்ததும், "இவன் ஒரு பைத்தியக்காரன், நெய்யைக் குடிக்கச் சொல்றான்" என்று நிறுத்திவிடுவார். பாதி வீடியோதான் அவருடைய வைத்தியம். காலையில் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள்கரு எங்கள் தெரு நாய்க்குப் போகும். மதியம் தாளிக்காத கோஸ், உப்பு மட்டும் போட்டது. ராத்திரி வெள்ளரிக்காயும் தண்ணி மோரும். நாய் உருண்டு திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை, "உங்க வூட்டுல யாருக்குடி டயட்டு, அப்பனுக்கா நாய்க்கா?" என்று கேட்டுச் சிரிக்கும். அப்பாவின் பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டினார். அம்மாவும் முதலில் சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மாதிரி ஆயிட்டாரு உங்கப்பா. இன்னொரு கல்யாணம் கட்டி வச்சிடலாமா?" அப்பா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லுமளவுக்குக்கூட அவரிடம் தெம்பில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை. உடம்பு இளைத்தால் நோய் குறைகிறது என்று நினைத்துக்கொண்டோம். மாத்திரை தீர்ந்தால் பழைய அட்டையை மெடிக்கலில் காட்டி, அதே மாத்திரையை வாங்கி வருவார். டாக்டரிடம் திரும்பப் போகவே இல்லை.

ஒரு சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்பா அந்த வழியாக லோடு கொண்டு போகிறவர், "ஏறு பாப்பா" என்றார். கேபினில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது, குளிர்ந்த காற்று வந்தது, அவருக்கு மட்டும் வேர்த்தது. "என்னப்பா?" என்றேன். "மாடு கட்டியாச்சா?" என்று கேட்டார். எங்களிடம் மாடே கிடையாது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக விட்டார். லாரி மெதுவாக இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. முன்னால் பஸ் ஸ்டாப். சின்னப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கட்சிக் கொடிக்கம்பத்தைச் சுற்றி இரண்டு பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எப்படியோ பிரேக் மிதித்தார். லாரி மண்ணில் இறங்கி, புழுதி கிளப்பி நின்றது. பிள்ளைகள் வழக்கம் போல விலகி நின்று, எங்களைத் திட்டிவிட்டு, திரும்பவும் விளையாட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அது தினமும் நடப்பதில் ஒன்று.

என் டிபன் பாக்ஸில் லெமன் சாதம் இருந்தது. எடுத்து ஊட்டப் போனேன். தலை நிற்காமல் ஆடுகிற அந்த நிலையிலும், "சோறு வேணாம், சோறு வேணாம்" என்று என் கையைத் தட்டிவிட்டார். ஓடிப்போய் எதிர்க் கடையில் சர்க்கரை நிறையப் போட்டு டீ வாங்கி வந்து, மூக்கைப் பிடித்து மருந்து கொடுக்கிற மாதிரி கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அழுவுற, ஒண்ணும் ஆவல" என்றார். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். மொட்டைக்குப் பிறகு முளைத்த முடி குச்சி குச்சியாகக் குத்தியது. "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. அம்மாகிட்டகூட. ஓனர் காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே வேற டிரைவர் வந்துடுவான். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த ஸ்டியரிங் என் கையில இருக்கணும் பாப்பா." செய்தேன். உன் காலத்தில் இந்தப் பழக்கம் இருக்கிறதோ என்னவோ. தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால், யார் தலையோ அவர் உயிருக்கு ஆபத்து. சிறு வயதிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். நான் அறிவியல் பாடம் படிக்கிறவள், இதை நம்பக் கூடாதுதான். ஆனால் பொய்யா நிஜமா என்று சோதித்துப் பார்க்க என்னிடம் இருப்பது என் அப்பாவின் தலை ஒன்றுதான்.

வாயைத் திறக்காமலே காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். டவுன் ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் உணவு ஆலோசனை சொல்கிற மேடம் ஒருவர் இருக்கிறார். அங்கே கூட்டமே இருக்காது. ஸ்கூல் விட்டதும் போனேன். "யாருக்கும்மா?" என்றார். "ப்ராஜெக்ட்டுக்கு மேடம்" என்றேன். பாதி கேள்வி கேட்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, ப்ராஜெக்ட்டுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். என்னை அறியாமல் "நாப்பத்தாறு" என்றேன். "ப்ராஜெக்ட் மாத்திரை போடுதா? வண்டி ஓட்டுதா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்கு மேல் துருவவில்லை. "சோத்தைக் குறைச்சது தப்பில்ல. ஆனா எடுத்த எடத்துல என்ன வச்சாங்க? வெள்ளரிக்காய்ல என்ன இருக்கு, தண்ணிதான். சோறும் இல்ல, கொழுப்பும் இல்லன்னா உடம்பு எதைத் தின்னும்? தன் சதையைத்தான் தின்னும். திரும்பத் திரும்பக் காய்ச்சுன எண்ணெய் வேற, வீட்டுல ஊத்துற நல்லெண்ணெய் வேற. கடலை, தேங்காய், முந்திரி, மத்தி மீனு, முழு முட்டை, இதெல்லாம் அளவோட வேணும்" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "அதைவிட முக்கியம் மாத்திரை. சாப்பாடு மாறுனா மாத்திரையும் மாறணும், இல்லன்னா சர்க்கரை ஒரேயடியா எறங்கி மயக்கம் வரும். அதை டாக்டர்தான் மாத்தணும், நீயா நிறுத்திடாத. அதுவரைக்கும் ப்ராஜெக்ட் வண்டியில ஏறக் கூடாது. கூட்டிட்டு வா." சரி என்றேன். எப்படிக் கூட்டிப் போவது? கூட்டிப் போக வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது?

சமையலை மட்டும் மாற்றினேன். அம்மா விடியற்காலையிலேயே பருத்திக் காட்டுக்குப் போய்விடுவதால் காலைச் சமையல் என்னுடையது. நீ பிற்காலத்தில் உனக்கே சமைத்துக்கொள்ள வேண்டி வந்தால் இதை வைத்துக்கொள். சுரைக்காயோ பீர்க்கங்காயோ கூட்டு வைத்தால் தேங்காயையும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையையும் சேர்த்து நைசாக அரைத்துவிட்டால் சோறில்லாமலே வயிறு நிற்கும். முருங்கைக்கீரையை நல்லெண்ணெயில் வதக்கி எள்ளுப்பொடி தூவினால் வேறு எதுவும் வேண்டாம். முட்டையை முழுதாக உடைத்துச் சின்ன வெங்காயம் நிறையப் போட்டு வதக்கலாம். மீன்காரர் வண்டியில் மத்தி வரும் நாளில் வறுக்காமல் குழம்பு வைக்கலாம். பசித்தால் பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த கடலை. சோற்றை ஒரேயடியாக விரட்ட வேண்டாம், ஒரு கரண்டி இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி உட்கார்ந்து எழுதும்போது சுலபமாக இருக்கிறது. நான் இதையெல்லாம் திருட்டுத்தனமாகச் செய்தேன். எண்ணெய் மேலே மிதந்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார், அதனால் எல்லாவற்றையும் அரைத்துக் கலந்தேன். கடலை தெரியாமலிருக்கச் சீரகம் தூக்கலாகப் போட்டேன். "இன்னைக்கிக் கோஸு நல்லாருக்கு பாப்பா, என்ன போட்ட?" என்று ஒருநாள் கேட்டார். "சீரகம்ப்பா" என்றேன். கை நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நல்லெண்ணெய் தீர்ந்தது. வாங்கினால் அம்மாவுக்குக் கணக்குத் தெரிந்துவிடும் என்று, அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கூட்டு செய்தேன். மார்கழிக் குளிர். டிபன் பாக்ஸ் கேபினிலேயே காலையிலிருந்து இருந்திருக்கிறது. அப்பா திறந்தபோது மூடியிலும் கூட்டின் மேலும் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. சாயங்காலம் பாக்ஸை அப்படியே கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தார். "தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை எனக்கு ஊத்துறியா? எத்தன நாளா நடக்குது இது? அண்ணன் போனது பத்தாதா, என்னையும் கொல்லப் பாக்குறியா?" தெருவே பார்த்தது. அம்மா ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏன்டி, அந்த மனுசன் வாயைக் கட்டிக் கெடக்குறாரு, நீ எண்ணெய ஊத்தி ஊத்திக் குடுக்குறியா? உனக்கெல்லாம் புத்தி இருக்கா?" என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். நாய் வந்து கூட்டை நக்கியது. அன்றிலிருந்து அப்பா என் கையால் சாப்பிட எதுவும் வாங்குவதில்லை. வெள்ளரிக்காயைத் தானே நறுக்கி எடுத்துக்கொண்டு போகிறார். மாத்திரை மட்டும் தவறாமல் போடுகிறார். நான் ஒளித்து ஊற்றியதால் இருந்ததும் போயிற்று. ஒருவருக்கு நல்லது என்று நினைத்தால் அவருக்குத் தெரிந்து செய். இது நான் உனக்குச் சொல்கிற புத்திமதி, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும்.

இன்று சாயங்காலம் லாரியின் இடப்பக்கக் கண்ணாடி இல்லாமல் வந்தார். கதவில் நீளமாக ஒரு கீறல். "மாடு குறுக்க வந்துச்சு, ஒடிச்சேன், மரத்துல உரசிடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் தண்ணீர் கொண்டு போனேன். சொம்பு அவர் கையில் தடதடவென்று ஆடியது. சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அம்மா உள்ளே போனதும் என்னைக் கூப்பிட்டார். எண்ணெய் விஷயத்துக்குப் பிறகு அவராக என்னைக் கூப்பிட்டது இப்போதுதான்.

"பாப்பா, சத்தியம் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"மரமில்ல. கொடிக்கம்பத்துலதான் உரசிச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல."

"எந்தக் கொடிக்கம்பம்ப்பா?"

அவர் தண்ணீரைக் குடித்தார். கதவில் இருந்த பெயின்ட் கறை அந்தப் பஸ் ஸ்டாப் கம்பத்தின் நிறம் என்பதை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

"நாளைக்கு லீவு போடுங்கப்பா."

"லோடு இருக்கு."

அவ்வளவுதான். வெள்ளரிக்காயைத் தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நாளைக்கும் அதே ரோடு. அதே பஸ் ஸ்டாப்பைக் கடந்துதான் போக வேண்டும். நாளைக்கு ஸ்கூல் உண்டு. சத்தியத்தை மீறினால் அப்பா சாவார் என்று பயமாக இருக்கிறது. மீறாவிட்டால் அப்பா மட்டும் சாகமாட்டார் என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. வெளுத்துப்போன பேனருக்குப் பக்கத்தில் புதிதாக வரப்போகிற முகம் எது என்று நினைக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. அந்தக் கம்பத்தைச் சுற்றி ஓடிய பிள்ளைகளில் ஒன்றின் அம்மாவால், நான் உனக்கு எழுதுவது போல ஒரு கடிதத்தை யாருக்கும் எழுத முடியாமல் போய்விடும். இதை எழுதிய பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உன்னிடம் சொன்னது போதாது. போய் அம்மாவை எழுப்பப் போகிறேன்.

எழுப்பினேன். அடுப்பங்கரைக்கு இழுத்துவந்து எல்லாவற்றையும் சொன்னேன், லாரி சாய்ந்தது, டீ, சத்தியம், கொடிக்கம்பம், மேடம் சொன்ன மாத்திரை விஷயம். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "தெரியும்டி" என்றாள். எனக்குப் புரியவில்லை. "தீவாளிக்கு முன்னாடி கெணத்தடியில விழுந்து கெடந்தாரு. நான்தான் சக்கரையக் கரைச்சு ஊத்துனேன். கண்ணு முழிச்சதும் என் கைய எடுத்துத் தலையில வச்சுக்கிட்டாரு. பாப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு." இத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம்.

"அப்பறம் ஏன் எண்ணெய்க்கு என்னை அடிச்ச?"

"நீ எண்ணெய ஊத்துறதாலதான் அப்பப்ப விழுறாருன்னு நெனச்சேன்டி" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. புடவையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அவரு கேக்கமாட்டாரு. அண்ணன் செத்ததுலேர்ந்து அவரு யாரு சொல்லியும் கேக்கல" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தியம் எனக்கும் போச்சு, உனக்கும் போச்சு. வர்றது என் தலையில வரட்டும்" என்று எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டாள். எங்கே என்று கேட்டேன். "வண்டிக்கு முன்னாடி போயிப் படுத்துக்கறேன். எம்மேல ஏத்தாம எடுக்க முடியாதுல்ல? ஆஸ்பத்திரிக்குன்னா நானும் வரேன், லோடுக்குன்னா நவுரமாட்டேன்." கதவைத் திறந்து போய்விட்டாள். தெருமுனையில் லாரி நிற்கிறது. அதன் முன் சக்கரத்தை ஒட்டி அவள் பாய் விரித்துக்கொண்டிருப்பது இங்கிருந்து ஜன்னலில் தெரிகிறது. குளிருக்குத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஓனர் வேறு டிரைவரைப் போட்டால் நான் பன்னிரண்டாம் வகுப்பு போவேனா என்று தெரியாது. இரண்டு பேர் மீறிய சத்தியம் என்ன செய்யும் என்றும் தெரியாது. உன் தாத்தாவை நீ பார்த்திருக்கிறாயா, இல்லை மாலை போட்ட போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாயா என்பது இதைப் படிக்கிற உனக்குத் தெரியும். எழுதுகிற எனக்குத் தெரியவில்லை.

அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் கொஞ்சம் நல்லெண்ணெய் வாங்கி வைத்திருந்திருக்கிறாள், விளக்குக்கு. அதை எடுத்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன். வெங்காயம் நறுக்கியாயிற்று. முட்டை முழுதாகப் போடப் போகிறேன், பக்கத்தில் ஒரு கரண்டி சோறும் வைக்கப் போகிறேன். எண்ணெய் காய்கிற வாசனை கூடத்துக்குப் போகும். அவர் எழுந்து வந்து தட்டைத் தூக்கி எறிவார். எறியட்டும். திரும்பப் போடுவேன், அவர் கண்ணுக்கு முன்னாலேயே எண்ணெய் ஊற்றி.